லெப்டொப் பாட்டு, பழைய கெசட்: நாலாவது வயரில்தான் சரிவந்தது

ஹெட்போன் வயரை ரேடியோ கெசட்டின் மைக் ஓட்டைக்குள் நேராகச் சொருகினால் பாட்டு வரத்தான் செய்யும். கிழிந்து வரும். அந்தக் கிழிசலைப் போக்க மூன்று வயர் வீணாகி நாலாவதில் சரிவந்தது. அதுவரை நடந்ததை வரிசையாக இங்கே வைக்கிறேன்.

இடம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். கோவிலில் ஒரு கெசட் டெக் இருக்கிறது. லயத்து வீடொன்றில் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ கெசட் இன்னும் ஓடுகிறது. லெப்டொப்பில் எம்.பி.3 ஆகக் கிடக்கும் பக்திப் பாட்டுகள், பழைய சினிமாப் பாட்டுகள், போனில் பதிந்த காமன் கூத்து (மலையகத்தில் ஆடும் தெருக்கூத்து) பாட்டுகள் எல்லாவற்றையும் இரண்டிலும் கேட்கக்கூடியதாகக் கெசட்டில் ஏற்ற வேண்டும். டெக் வேலை அரை நாளில் முடிந்தது. மூன்று வார இறுதியைத் தின்றது ரேடியோ கெசட்தான்.

வயரைத் தொடுவதற்கு முன்னர் மெஷினைத் திறந்தது நல்லதாகப் போயிற்று. பிளே அழுத்தினால் மோட்டர் சுற்றுகிறது, கெசட் நகரவில்லை. பின்மூடியில் ஐந்து ஸ்குரூ. திறந்தால், பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புத் தார். இந்த வயதுப் பெல்ட்டுகளில் பல இப்படித்தான் உருகிப் புல்லியில் அப்பிக்கொள்கின்றன. கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, துணியில் பட்டால் போகவே போகாது. பழைய பேப்பர் விரித்து, கையுறை போட்டு, ஐசோப்ரொபைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பித்தளைப் புல்லியையும் பெரிய சில்லையும் துடைத்தேன். முப்பது குச்சிக்கு மேல் போயிற்று. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம். சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். அது புல்லியில் மெல்லிய படலமாக நின்று புதுப் பெல்ட்டை வழுக்கவைக்கும்.

பழைய பெல்ட் உருகிவிட்டதால் அதை அளக்க வழியில்லை. தையல் நூலைப் பெல்ட் போகும் வழியிலேயே சுற்றி, இழுக்காமல் பிடித்து அளந்தால் 21.5 சென்ரிமீட்டர். பெல்ட் கொஞ்சம் இழுபட்டு நிற்க வேண்டுமென்பதால் அதில் 7 சதவீதம் குறைத்தால் 20 சென்ரிமீட்டர் சுற்றளவு. கடையில் விட்டத்தைக் கேட்பார்கள்: 20ஐ 3.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர். 1.2 மில்லிமீட்டர் சதுரப் பெல்ட் ஒன்று 350 ரூபாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டும் பார்த்தேன். கெசட் ஓடியது, பாட்டு கடலில் மிதப்பதுபோல ஏறி இறங்கியது. அவசரத்துக்குக்கூட அது உதவாது.

பெல்ட் மாற்றிய கையோடு, நாடாவில் பதிந்து படிக்கும் ஹெட், நாடாவை இழுக்கும் கெப்ஸ்டன் கம்பி, அதை அழுத்தும் ரப்பர் உருளை மூன்றையும் துடைத்தாயிற்று. ஹெட்டுக்கும் கம்பிக்கும் அல்கஹோல். ரப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அடிக்கடி அல்கஹோல் பட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். கம்பியில் ஒட்டியிருக்கும் மண்ணிறத் துகள் எல்லாம் பழைய கெசட்டுகளின் இரும்பு ஒக்சைட்டுதான். அது போகும்வரை துடைக்காவிட்டால் கெசட் அதில் ஒட்டிச் சுருளும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் இடம்: ரெக்கோட் பட்டனோடு சேர்ந்து நகரும் நீளமான சுவிட்ச். பிளேயிலிருந்து ரெக்கோடுக்கு அத்தனை இணைப்புகளையும் மாற்றுவது இது. ஈரக் காற்றில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தால் உள்ளே கறுத்துப்போகும். அதன் விளைவு ஒன்று பதிவே விழாது, அல்லது கரகரக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு, கொன்டெக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை அதன் வாய்க்குள் வைத்து இரண்டு தடவை அடித்து, ரெக்கோட் பட்டனை முப்பது தடவையாவது அழுத்தி விட வேண்டும். கெசட் போடும் இடம் காலியாக இருந்தால் அந்தப் பட்டன் இறங்காது. இடப்பக்க மூலையிலுள்ள சிறு நெம்பை விரலால் பின்னே தள்ளிக்கொண்டால் இறங்கும். கெசட்டின் முதுகில் உடைத்துவிடும் பிளாஸ்டிக் பல்லைத் தடவிப் பார்ப்பது அந்த நெம்புதான். பல் உடைத்த கெசட்டில் மறுபடி பதிய அந்தக் குழியை மட்டும் செலோடேப்பால் மூடுங்கள். குரோம் கெசட்டில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கும். அதையும் சேர்த்து மூடினால், குழியைத் தடவிக் கெசட் வகையைக் கண்டுபிடிக்கும் டெக் அதைச் சாதாரணக் கெசட் என்று எடுத்துக்கொள்ளும்.

வேகம் சரிதானா என்று பார்க்க முதலில் செய்தது தவறான சோதனை. லெப்டொப்பிலிருந்து 3150 ஹேர்ட்ஸ் ஓசையைப் பதிந்து, அதே மெஷினில் திருப்பிப் போட்டு அளந்தேன். 3150 தான் வந்தது. வராமல் எப்படி? வேகமாக ஓடும் மெஷினில் பதிந்து அதே மெஷினில் கேட்டால் பிழை தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். கம்பனி வெளியிட்ட அச்சுக் கெசட் ஒன்று வேண்டும். அந்தக் காலத்து ரெக்கோடிங் பாரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த கெசட் இதற்கு ஆகாது, அவர்கள் மெஷின் என்ன வேகத்தில் ஓடியதோ. அச்சுக் கெசட்டில் ஒரு பாட்டு 4 நிமிடம் 8 செக்கன் ஓடியது. லெப்டொப்பில் அதே பாட்டு 4 நிமிடம் 20 செக்கன். 260ஐ 248ஆல் வகுத்தால் 1.048, அதாவது ஏறக்குறைய 5 சதவீதம் வேகம் கூட. லெப்டொப் கோப்பே பிழையாக இருக்கலாம் என்பதால் மூன்று பாட்டில் ஒப்பிட்டேன். மூன்றும் ஒரே விடை சொன்னது. மோட்டரின் முதுகில், ரப்பர் மூடி போட்ட ஓட்டைக்குள் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு, மயிரிழை அளவு திருப்பி, ஒவ்வொரு தடவையும் பாட்டை முழுதாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கெசட்டின் உண்மையான வேகம் செக்கனுக்கு 4.76 சென்ரிமீட்டர். 4 நிமிடப் பாட்டில் 2 செக்கனுக்குள் வந்தபின் விட்டுவிட்டேன். அதற்குமேல் துரத்தினால் பொழுது விடிந்துவிடும்.

ஹெட்டின் சாய்வும் இதே அச்சுக் கெசட்டில்தான். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு நிற்கும் ஸ்குரூ. பாட்டு ஓடும்போது கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பினால், தாளத்தின் ‘ச்’ சத்தம் ஓரிடத்தில் தெளிவாக எழும். அங்கே நிறுத்தி ஒரு சொட்டு நகப்பூச்சு. இங்கே பதியும் கெசட் கோவில் டெக்கிலும் ஓடப்போவதால் இதை விடமுடியாது. இரண்டு மெஷினிலும் சாய்வு ஒத்துப்போகாவிட்டால், ஒன்றில் பளிச்சென்று கேட்பது மற்றதில் கம்பளி போர்த்திய மாதிரி கேட்கும்.

நாலு வயர்

முதல் வயர் கடையில் வாங்கியது, இரண்டு பக்கமும் மூன்று வளையப் பிளக். ரேடியோ கெசட்டின் மைக் ஓட்டையோ மொனோ, இடம் வலம் என்ற பிரிவு இல்லாதது. சொருகியதும் இரண்டு கோளாறு ஒன்றாக வந்தன. மூன்று வளையப் பிளக்கின் வலப்பக்க வளையம் மொனோ ஓட்டையின் நிலத்தில் (கிரவுண்ட் இணைப்பில்) முட்டி, வலப்பக்கச் சத்தம் முழுதாகச் செத்துவிட்டது. பழைய ஸ்டீரியோப் பாட்டுகளில் வயலினெல்லாம் ஒரு பக்கம், தாளமெல்லாம் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பாதி வாத்தியத்தைக் காணோம். போதாததற்கு, மைக் ஓட்டை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். லெப்டொப் கொடுப்பது அரை வோல்ட், முழு வொலியூமில் ஒரு வோல்ட் வரை. நூறு மடங்கு கூட. வொலியூமை 4 சதவீதத்துக்கு இறக்கினால் கிழிசல் போகிறது, இரைச்சல் வந்துவிடுகிறது. வொலியூமை இறக்கும்போது பாட்டுத்தான் குறையும். லெப்டொப்பின் சொந்த இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது வயரில் ரெசிஸ்டர் போட்டேன். இடம், வலம் இரண்டிலும் தலா 10 கிலோ ஓம். இரண்டின் மறுமுனையையும் ஒன்றாக முறுக்கி, அங்கிருந்து நிலத்துக்கு 1 கிலோ ஓம். இரண்டு பக்கத்தையும் வெறுமனே வயரால் சேர்க்கக்கூடாது, லெப்டொப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தோடு மல்லுக்கட்டும். இந்தக் கணக்கில் சத்தம் ஆறில் ஒரு பங்காகத்தான் குறையும். நூறில் ஒன்று வேண்டிய இடத்தில் ஆறில் ஒன்று எப்படிப் போதும்? கிழிசல் அப்படியே. இதில் இன்னொரு பிழை, ரெசிஸ்டர்களை லெப்டொப் பக்கத்துப் பிளக்குக்குள் வைத்தது. அங்கேயே சத்தத்தைக் குறைத்துவிட்டால், மீதி ஒன்றரை மீட்டர் வயரும் குறைந்த சத்தத்தைச் சுமந்துகொண்டு, வழியிலுள்ள 50 ஹேர்ட்ஸ் கரண்ட் உறுமலை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். ரெசிஸ்டர்கள் ரேடியோ கெசட் பக்கம் இருந்தால் அந்த உறுமலும் சேர்ந்து குறையும்.

மூன்றாவதில் அவற்றை மறுமுனைக்குக் கொண்டுபோய், 1 கிலோ ஓமை எடுத்துவிட்டு 47 ஓம். இரண்டு 10 கிலோ ஓம் பக்கம் பக்கமாக நிற்பது 5 கிலோ ஓமுக்குச் சமம். 47ஐ 5047ஆல் வகுத்தால் 107இல் ஒரு பங்கு, அதாவது 40 டெசிபல் இறக்கம். அரை வோல்ட் 5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வருகிறது. இதை அளந்து பார்க்க மலிவான மஞ்சள் மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். ஏ.சி.யில் அதன் மிகச் சிறிய அளவே 200 வோல்ட், கணக்கு போதும். கூடவே ஒரு கெப்பாசிட்டரும் போட்டேன். இந்த மெஷினின் மைக் ஓட்டையில் மைக்குக்கு ஊட்டும் ஒன்றரை வோல்ட் டி.சி. இருக்கிறது, அதை லெப்டொப் பக்கம் விடக்கூடாது. கையில் கிடந்தது 0.1 மைக்ரோஃபரட். கிழிசல் இல்லை, உறுமல் இல்லை. ஆனால் பாட்டு டெலிபோனில் கேட்பதுபோல மெலிந்துபோயிற்று. மைக் உள்வாங்கியின் தடை 1.5 கிலோ ஓம் என்று வைத்தால், 0.1 மைக்ரோஃபரட் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டத் தொடங்கும். மிருதங்கமும் தப்பு மேளமும் அதற்குக் கீழேதானே இருக்கின்றன.

நாலாவது வயரில் 10 மைக்ரோஃபரட் எலெக்ட்ரோலிட்டிக், 16 வோல்ட். 47 ஓமின் மேல்முனைக்கும் பிளக்கின் நுனிக்கும் நடுவில், கூட்டல் முனை ரேடியோ கெசட்டைப் பார்த்தபடி. வெட்டும் இடம் 10 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கியது. பிளக் இரண்டு வளைய மொனோ. இதோடு வயர் கதை முடிந்தது.

முடிந்தது என்று நினைத்துப் பதிந்த முதல் கெசட்டில் பாட்டுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் கேட்டது. பாட்டில் மழை இல்லை, வெளியில்தான் பெய்துகொண்டிருந்தது. பிளக் சொருகியதும் உள்மைக்கைத் துண்டிக்க வேண்டிய மெல்லிய தகடு ஓட்டைக்குள் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்ததால் உள்மைக்கும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. கொன்டெக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்து, பிளக்கை இருபது தடவை சொருகி எடுத்ததும் மழை நின்றது. கெசட்டில்.

ஐந்து ஓட்டை வட்டச் சொக்கெட் உள்ள பழைய ஐரோப்பிய ரெக்கோடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வயர் பொருந்தாது. அதில் பதிவு 1ஆம், 4ஆம் முனைகளில் உள்ளே போகும். 3, 5 வெளியே வரும். நடுவிலுள்ள 2 நிலம். வளைவில் வரிசை 1, 4, 2, 5, 3 என்று இருக்கும், பிளக்கின் முதுகில் எண்கள் பொடியாக அச்சிட்டிருக்கும். 1க்கும் 4க்கும் தலா 470 கிலோ ஓம் தொடராகப் போட்டால் லெப்டொப் சத்தம் அடங்கும். அதையும் பிளக்கின் வயிற்றுக்குள்ளேயே சொல்டர் செய்யுங்கள். மறுமுனையில் வைத்தால் நீள வயர் மேல்ஸ்தாயியைத் தின்றுவிடும்.

தானாக ஏறி இறங்கும் சத்தம்

ரேடியோ கெசட்டில் ரெக்கோட் லெவல் திருகி கிடையாது. சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே கூட்டும். மனிதர் பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குத் தொல்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஐந்து செக்கன் இடைவெளி விட்டால், அந்த ஐந்து செக்கனும் இரைச்சல் ஊதி ஊதிப் பெருகும். அடுத்த பாட்டு தொடங்கியதும் அமுங்கும். கூத்துப் பாட்டில் இன்னும் மோசம். தப்பில் ஓர் அடி விழுந்ததும் பாடுகிறவரின் குரல் குழிக்குள் போய், மெல்ல ஏறி வந்து, அடுத்த அடியில் மறுபடி விழுகிறது.

மெஷினில் இதைத் திருத்தப் போகாமல் லெப்டொப்பிலேயே திருத்தினேன். இலவச மென்பொருளான ஓடாசிட்டி போதும். எல்லாப் பாட்டையும் ஒரே வரிசையில் போட்டு, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது எப்படியும் கேட்காது, ஆனால் லெவலை அமுக்குவதில் முன்னுக்கு நிற்பது அதுதான். பின்னர் ஒவ்வொரு பாட்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, கூத்துப் பதிவுகளுக்கு மட்டும் லிமிட்டர் போட்டு, தப்படியின் உச்சியை 6 டெசிபல் தட்டினேன். இடைவெளி ஒன்றரை செக்கன். தப்பின் முரட்டுத்தனம் கொஞ்சம் குறைந்தது உண்மை. குரல் கேட்கிறதே, அது போதும்.

கோவில் டெக்கில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. உள்வாங்கி இருக்கிறது, லெவல் திருகி இருக்கிறது, துடிக்கும் விளக்கு மீட்டரும் இருக்கிறது. பாட்டுகளின் உச்சியை ஓடாசிட்டியில் மைனஸ் 1 டெசிபலுக்கு நிறுத்திவிட்டு, அதே மென்பொருளில் 400 ஹேர்ட்ஸ் ஓசையை மைனஸ் 4 டெசிபலில் உண்டாக்கி ஓடவிட்டு, டெக் மீட்டரில் 0 வரும்வரை திருகினால், பாட்டின் உச்சி பிளஸ் 3ஐத் தாண்டாது. சாதாரண இரும்புக் கெசட்டுக்கு அது போதும். மேலே தள்ளினால் முதலில் கெடுவது ஜால்ராவும் ‘ஸ’ சத்தமும்தான், மீட்டர் ஒன்றும் சொல்லாது. நாடா இரைச்சலைக் குறைக்கும் டொல்பியை அணைத்துவைத்தேன். ரேடியோ கெசட்டில் டொல்பி இல்லாததால், டொல்பி போட்டுப் பதிந்த கெசட் அதில் கீச்சென்று கேட்கும்.

டெக்கில் வந்த ஒரே தொல்லை உறுமல். அம்ப்ளிஃபையரும் லெப்டொப் சார்ஜரும் இரண்டு வழியாக எர்த்தைத் தொடும்போது அது வருகிறது. சார்ஜரைக் கழற்றி பெட்டரியில் ஓடவிட்டதும் அடங்கிவிட்டது. எர்த் முனையை உடைத்து உறுமலைப் போக்குவது என்று ஒரு வழக்கம் சுற்றி வருகிறது. மழை நாளில் ஈரத் தரையில் நின்று 230 வோல்ட்டோடு அந்த விளையாட்டு வேண்டாம். லெப்டொப்பின் அறிவிப்பு மணிகளையும் அணைத்துவிடுங்கள். ஒரு பதிவில் சுப்ரபாதத்துக்கு நடுவே ‘டிங்’ என்று விழுந்தது. போனை இரண்டு மீட்டருக்கு அப்பால் வையுங்கள்.

கெசட் சி-60 மட்டுமே. பக்கத்துக்கு 30 நிமிடம் என்றாலும் பாட்டுகளை 29 நிமிடத்துக்குள் அடக்கினேன். சி-90 நாடா மெல்லியது, பழைய மெஷினில் இழுபடும் பயம் கூட. சி-120ஐ அருகிலும் விடக்கூடாது. தொடக்கத்தில் பதியாத வெள்ளை நாடா சில செக்கன் ஓடும், பென்சிலால் சுற்றி மண்ணிற நாடா வந்தபின் தொடங்குங்கள். பதியுமுன் ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றினால் ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் தளரும். ஜன்னலில் பார்க்கும்போது நாடா விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். மூடுபனிக் காலம் முடிந்தபின் எங்கள் பக்கத்தில் பாதிக் கெசட்டுகளில் இது இருக்கிறது. மெஷினில் போட்டால் ஹெட்டில் ஏறி அடுத்த கெசட்டுக்கும் போகும். அப்படிப்பட்ட பதினொன்றை ஒதுக்கிவைத்தேன்.

செலவு: பிளக் இரண்டு 240, ரெசிஸ்டர் 30, கெப்பாசிட்டர் 20, ஷீல்ட் வயர் இரண்டு மீட்டர் 200, பெல்ட் 350, கொன்டெக்ட் கிளீனர் 1450, ஐசோப்ரொபைல் 600. மொத்தம் 2890 ரூபா. வீணான முதல் வயரையும் ரப்பர் பேண்டையும் இதில் சேர்க்கவில்லை.

அடுத்த மெஷினுக்கு 47 ஓமுக்குப் பதிலாக 500 ஓம் திருகு ரெசிஸ்டர் ஒன்று போடப்போகிறேன், மைக் ஓட்டைக்கு மைக் ஓட்டை பசி வேறாக இருக்கிறது. ரெசிஸ்டர்களைப் பிளக்குக்குள் திணிக்காமல் சிறிய பல்மருந்து டப்பாவுக்குள் வைத்தால் நாலு தடவை சொல்டர் உருக்க வேண்டியிராது. பதிந்து முடித்த கெசட்டுகள் இப்போது பிஸ்கட் டின்னில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நாலோடு, அடுப்படியிலிருந்து தள்ளி இருக்கின்றன. பொட்டலங்களை மாதத்துக்கு ஒரு தடவை வெயில் கண்ட நாளில் காயப்போட வேண்டும்.